நினைவை விலையில் சேர்க்காதீர்கள்

அமெரிக்கக் குடும்பங்களில் பெரியவர் ஒருவர் இறந்து வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரிக்கும்போது, இழுப்பறையிலிருந்தோ அலமாரியின் மேல்தட்டிலிருந்தோ ஒரு பழைய ரிவால்வர் வெளியே வருவது சர்வசாதாரணம். பெரும்பாலும் அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் .38 ரகமாக இருக்கும். தாத்தா போலீஸில் இருந்தபோது இடுப்பில் கட்டியிருந்தது, அல்லது தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்தபோது வைத்திருந்தது. அதைக் கண்டதும் ஒருவராவது சொல்வார்: "எவ்வளவு பழசு பார், இன்றைக்கு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும்." இன்னொருவர் கூடவே சொல்வார்: "அதுவும் தாத்தாவுடையது. சும்மாவா?" இரண்டு பேச்சும் தவறு. முதலாவது விவரம் தெரியாத பேச்சு, அதை மன்னித்துவிடலாம். இரண்டாவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பேச்சை வைத்துத்தான் சொந்தக்காரரே சொந்தக்காரரிடம் பணம் பறிக்கிறார்.

பழசு என்ற விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் அந்தக் கம்பெனி 1899இல் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற ஆறு தோட்டா ரிவால்வரைக் கொண்டுவந்தது. 1957இல் தன் துப்பாக்கிகளுக்கெல்லாம் எண் சூட்டியபோது அதற்கு 'மாடல் 10' என்று பெயர் வைத்தது. இதுவரை ஏறத்தாழ 60 லட்சம் செய்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கப் போலீஸ்காரர் இடுப்பில் தொங்கியது இதுவாகவோ இதற்குப் போட்டியாக வந்த கோல்ட் ரிவால்வராகவோதான் இருக்கும். 1980களிலும் 90களிலும் காவல்துறைகள் பிஸ்டலுக்கு மாறியபோது பழைய ரிவால்வர்களை வியாபாரிகளிடம் மொத்தமாகத் தள்ளிவிட்டன. அவை இன்னமும் கடைக்குக் கடை கைமாறிக்கொண்டிருக்கின்றன. உருப்படியாக இருக்கும் ஒரு மாடல் 10 கடந்த சில ஆண்டுகளில் 400 முதல் 600 டாலர் வரை போகிறது. போலீஸ் கழித்துக்கட்டிய அடிபட்ட ஒன்று அதற்கும் கீழே. ஐவர் ஜான்சன் போன்ற கம்பெனிகள் இரும்புச் சாமான் கடைகளிலும் தபால் வழியிலும் விற்ற மலிவு ரிவால்வர்கள் இதைவிட வயதில் மூத்தவை. அவற்றில் பல இன்றும் 100, 200 டாலரைத் தாண்டுவதில்லை. நூறு வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் கூடுதலாக ஒரு காசு தருவதில்லை.

வயது ஏற ஏற விலை ஏறுகிறது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1960இல் டாலஸ் நகரில் ஒரு கோல்ட் கோப்ரா ரிவால்வர் 62 டாலர் 50 சென்டுக்கு விற்கப்பட்டது. அன்றைய ஒரு டாலர் இன்றைக்குப் பத்து டாலருக்குச் சற்று மேலே நிற்கிறது. ஆக, அந்த விலை இன்றைய பணத்தில் சுமார் 650 டாலர். நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய கோப்ராவுக்குச் சந்தையில் இன்று கிடைப்பதும் ஏறக்குறைய அந்த அளவுதான். அறுபது ஆண்டுகளுக்கு மேல் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பத்திரப்படுத்தியதில், போட்ட முதல் கையைக் கடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு லாபம் கிடையாது. நான் சொன்ன அந்தக் குறிப்பிட்ட கோப்ராவின் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி தாத்தாவுடையது என்ற பேச்சு. இதைத்தான் நான் எதிர்க்க வந்தேன்.

ஒரு பேரன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா இறந்தபோது ரிவால்வர் சித்தப்பா கைக்குப் போய்விட்டது. சித்தப்பாவுக்குப் பணம் தேவைப்படுகிறது, விற்கப் போகிறார். பேரன் கேட்கிறான். அந்த ரகம் வெளியில் 450 டாலருக்குக் கிடைக்கும் என்பது இருவருக்குமே தெரியும். ஆனால் சித்தப்பா 1,500 கேட்கிறார். காரணம் கேட்டால், "உனக்கு அது எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாதா?" என்கிறார். சுற்றி இருப்பவர்களும் அது நியாயம்தான் என்று தலையாட்டுகிறார்கள். நினைவு கலந்த பொருளுக்கு விலை கூடத்தான் செய்யும் என்று பேரனே நம்புகிறான். கடன் வாங்கியாவது கொடுக்கிறான்.

அந்த 1,050 டாலர் எதற்காக என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். சித்தப்பா மனதில் அந்த ரிவால்வர் மேல் பாசம் இருந்திருந்தால் விற்கவே முன்வந்திருக்க மாட்டார். முன்வந்துவிட்டார் என்றால் அவருக்கு அது இரும்பு. பாசம் முழுவதும் பேரனிடம்தான் இருக்கிறது. பேரனிடம் ஏற்கெனவே உள்ள ஒன்றைப் பேரனுக்கே எப்படி விற்க முடியும்? தாத்தாவோடு இருந்த நாட்களைச் சித்தப்பா தரவில்லை, அவர் சொன்ன கதைகளையும் தரவில்லை. பேரனுக்குள் இருப்பதை அடையாளம் கண்டு அதன் மேல் வரி போடுகிறார், அவ்வளவுதான்.

இதைத் திருப்பியும் பார்க்கலாம். விற்பவருக்குத்தான் பாசம், வாங்க வந்தவர் அன்னியர். "என் அப்பா முப்பது வருஷம் இதைக் கட்டிக்கொண்டு ரோந்து போனார்" என்று சொல்லி 200 டாலர் கூடுதலாகக் கேட்கிறார். அவருடைய அப்பா வாங்குபவருக்கு யார்? துப்பாக்கியோடு அந்த உணர்வும் கைமாறப் போவதில்லை. விற்றவர் நெஞ்சிலேயே அது தங்கிவிடும். கைமாறாத ஒன்றுக்கு ஏன் காசு? அம்மாவின் தாலிச் சங்கிலியை அடகுக் கடையில் வைக்கும்போது கிராமைத்தான் நிறுக்கிறார்கள். அதைக் கல்நெஞ்சம் என்று நாம் சொல்வதில்லை. பாசம் எந்தப் பக்கம் இருந்தாலும் விலையில் அதற்கு இடமில்லை. அமெரிக்க வருமான வரித்துறை பரம்பரைச் சொத்துகளை மதிப்பிட வைத்திருக்கும் வரையறையும் இதையேதான் சொல்கிறது: விருப்பமுள்ள ஒருவர் விற்க, விருப்பமுள்ள ஒருவர் வாங்க, எந்தப் பக்கமும் கட்டாயம் இல்லாமல், இருவருக்கும் விவரம் தெரிந்திருக்கும்போது படியும் தொகை. தாத்தாவின் பொருள் அன்னியர் கைக்குப் போய்விடுமோ என்று பதறுகிற பேரனைக் கட்டாயத்தில் இல்லாதவன் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த நம்பிக்கையில் இன்னொரு கோளாறு இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பழைய ரிவால்வர்களைச் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது, தொழிற்சாலையில் ஏற்றிய கருநீல மெருகு எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்பதை. மெருகு குறையக் குறைய விலையும் இறங்கும். உறையில் நுழைத்து எடுத்து நுழைத்து எடுத்தே குழலின் முனை வெள்ளையாகத் தேய்ந்திருந்தால் விலை குறையும். கைப்பிடியின் மரத்தில் வியர்வை ஊறிக் கருத்திருந்தாலும் குறையும். பக்கவாட்டில் யாராவது பெயரின் முதலெழுத்தைக் கீறியிருந்தால் நன்றாகவே குறையும். 1960களில் கலிஃபோர்னியாவில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஓர் இயக்கத்தில், திருட்டுப் போனால் கண்டுபிடிக்க வசதியாக வீட்டுப் பொருள்களில் அடையாள எண்ணைப் பொறித்துவைக்கச் சொல்லிக் காவல்துறையினர் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மின்சார ஊசியை எடுத்து ஓட்டுநர் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணையோ துப்பாக்கியின் உடம்பில் கிறுக்கிவிட்டார்கள். சேகரிப்பவர் கண்ணுக்கு அது ஆறாத காயம்.

ஆனால் பேரனுக்கு? அந்த முனைத் தேய்மானம் தாத்தா பல வருடம் காலையில் கட்டி இரவில் அவிழ்த்ததன் சுவடு. அந்தக் கருப்பு அவர் உள்ளங்கை. அந்தக் கோணல்மாணல் எண் அவர் கையெழுத்து. சந்தை எவற்றையெல்லாம் குறை என்று கழிக்கிறதோ அவற்றில்தான் தாத்தா இருக்கிறார். யாருமே தொடாமல் பெட்டியும் ரசீதுமாகக் கிடக்கும் ரிவால்வருக்குத்தான் சந்தை உச்ச விலை கொடுக்கும். அதில் எந்தத் தாத்தாவும் இல்லை. இந்த இரண்டு மதிப்பும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. அவற்றை ஒரே வரியில் எழுதிக் கூட்டி ஒற்றைத் தொகையாக்குவது கணக்கே இல்லை. ரிவால்வரில் தாத்தா எவ்வளவு அதிகமாக இருக்கிறாரோ அவ்வளவு குறைவாகத்தான் பேரன் கொடுக்க வேண்டும் என்பதே சந்தையின் நேர்மையான தீர்ப்பு. சித்தப்பா அதைத் தலைகீழாக்கிவிட்டார்.

அதனால்தான், பேரன்கள் ஆசையாகச் செய்யும் ஒரு காரியத்தைப் பார்த்தால் மனம் பதறுகிறது. வாங்கிய கையோடு பழைய மெருகைச் சுரண்டிப் புதிதாகக் கருநீலம் ஏற்றக் கொடுத்துவிடுகிறார்கள். செலவு பல நேரம் ரிவால்வரின் விலையையே தொட்டுவிடும். செய்து முடித்தால் சேகரிப்பவருக்கும் அது வேண்டாம், தாத்தாவின் சுவடும் போயிருக்கும். துரு மேலே பரவாமல் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள், போதும்.

புகழ்பெற்ற துப்பாக்கிகளைக் காட்டி என்னை மறுப்பவர்கள் உண்டு. பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை 1881இல் ஷெரிஃப் பேட் காரெட் சுட்ட கோல்ட் ரிவால்வர் 2021இல் ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. கதைக்கு விலை இல்லையென்றால் இது என்ன என்பார்கள். முன்னே சொன்ன கோப்ராவும் அவர்கள் பக்கச் சாட்சிதான். 1960இல் 62 டாலர் 50 சென்டுக்குப் போன அதை வைத்துத்தான் ஜாக் ரூபி 1963 நவம்பர் 24 அன்று ஜனாதிபதி கென்னடியைக் கொன்றதாகக் கைதாகியிருந்த லீ ஹார்வி ஆஸ்வால்டைச் சுட்டார். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 1991இல் அது 2,20,000 டாலருக்கு ஏலம் போனது. கோல்ட் தொழிற்சாலையில் அதோடு செய்த மற்ற கோப்ராக்கள் அதே வருடம் சில நூறு டாலருக்குக் கைமாறிக்கொண்டிருந்தன.

இந்த உதாரணங்கள் என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கின்றன. ரூபியின் ரிவால்வருக்கு விலை ஏற்றியது யாருடைய பாசமும் இல்லை. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், வரிசை எண்ணோடு அரசு ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது, அதற்காக ஏங்கும் அன்னியர்கள் பலர் இருக்கிறார்கள். தாத்தாவின் கதையைக் கேட்டு ஏங்குபவர்கள் ஒரு வீட்டுக் கூடத்துக்குள் அடங்கிவிடுவார்கள். முந்நூறு மைல் தள்ளி இருக்கும் ஒருவருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. வரலாற்றுப் புகழுக்கும் குடும்ப நினைவுக்கும் நினைவு என்ற பெயர்தான் பொது.

குடும்பக் கதைகளில் பாதி, ஆவணத்தின் முன் நிற்பதுமில்லை. 'போரிலிருந்து தாத்தா கொண்டுவந்தது' என்று சொல்லப்படும் ரிவால்வர்கள் அமெரிக்காவில் ஏராளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த 'விக்டரி' ரகத்தின் வரிசை எண்ணுக்கு முன்னால் 'வி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அந்த எழுத்தைக் கண்டதுமே குடும்பம் போர்க்களத்தைக் கற்பனை செய்துகொள்கிறது. ஆனால் விக்டரி ரிவால்வர்களில் பல, உள்நாட்டிலேயே ஆயுதத் தொழிற்சாலைகளின் காவலாளிகளுக்குப் போனவை. லட்சக்கணக்கானவை பிரிட்டனுக்கும் அதன் நேச நாடுகளுக்கும் அனுப்பப்பட்டு, போர் முடிந்தபின் உபரிச் சரக்காகத் திரும்பி வந்தன. தாத்தா அதை 1950களில் ஒரு கடையில் வாங்கியிருக்கலாம். கம்பெனியின் பழைய பதிவேடுகளிலிருந்து கட்டணத்துக்குக் கடிதம் வாங்கலாம். ரிவால்வர் எந்தத் தேதியில் எந்த வியாபாரிக்கோ அரசு அலுவலகத்துக்கோ அனுப்பப்பட்டது என்று அது சொல்லும். தாத்தாவின் பெயர் அதில் இருக்காது. சேகரிப்பவர்களிடையே ஒரு பழைய எச்சரிக்கை உண்டு: துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே. பேரனுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கதை ஏற்கெனவே அவனுடையது.

இன்னொரு மறுப்பு கனமானது. மதித்துப் பதில் சொல்ல வேண்டியது. 1963இல் டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தீயில் ஒரு குடும்பத்தின் பரம்பரைப் பொருள்கள் எரிந்துபோயின. மணமகளின் முக்காடு, நகை, கையால் செய்த படுக்கை விரிப்பு, அவற்றோடு ஒரு கைத்துப்பாக்கி. கடைவிலையாகப் பார்த்தால் அவை பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனாலும் அவை உரியவருக்கு எவ்வளவு அருமையானவை என்பதைக் கணக்கில் எடுத்து இழப்பீடு தரலாம் என்று நீதிமன்றம் சொன்னது. பாசத்துக்குப் பணமதிப்பு உண்டு என்று சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டதே என்று கேட்கலாம்.

தீர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். அங்கே பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பொருள் அழிந்ததற்குப் பொறுப்பானவர் கொடுக்கிறார், பாசம் வைத்திருந்தவர் வாங்குகிறார். பாசம் வைத்தவரிடமே பணம் வாங்கும் சித்தப்பாவுக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூட ஆதரவாக இல்லை. சொல்லப்போனால், நினைவுப் பொருளை அன்னியருக்கு விற்றுவிடுவேன் என்று மிரட்டுபவர் அந்தத் தீக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்.

அப்படியானால் என்னதான் கொடுப்பது? என் பதில் நேரடியானது. அதே ரகம், அதே குழல் நீளம், அதே அளவு தேய்மானம் உள்ள ரிவால்வர்கள் சமீபத்தில் உண்மையாகவே என்ன தொகைக்கு விற்று முடிந்தன என்று பாருங்கள். கேட்ட விலையைப் பார்க்காதீர்கள். எவரும் எதையும் கேட்கலாம். பிறகு சித்தப்பாவை ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோய் விசாரிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டு, விற்கும் விலையில் பாதிக்குச் சற்று மேலே ஒரு தொகை சொல்வார். மூன்றில் இரண்டு பங்கு சொன்னால் தாராளம். வெளியில் 450 டாலர் பெறும் ரிவால்வருக்குச் சித்தப்பா கையில் கடையில் விழுவது 250, 300. உறவுக்குள் கைமாறும்போது அந்தத் தொகைதான் நியாயம் என்பேன். சித்தப்பாவுக்கு ஒரு காசு நட்டமில்லை. வைத்திருப்பவர் முன்பின் தெரியாதவர் என்றால் 450ஐக் கொடுத்துவிடலாம். அவரிடம் சலுகை கேட்க நமக்கு உரிமையில்லை. அதற்கு மேலும் ஐம்பது, நூறு கொடுத்தால்தான் காரியம் முடியும் என்றால் கொடுப்பவனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது விலை என்று நினைத்துக் கொடுக்கக் கூடாது. மீட்புப் பணம் என்று தெரிந்தே கொடுக்க வேண்டும். தெரிந்து கொடுப்பவன் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையும் தெரிந்து வைத்திருப்பான்.

பணத்தைக் கொடுக்கும் முன் ரிவால்வரின் உடல்நிலையைப் பார்ப்பதும் பாசத்துக்கு விரோதமில்லை. விக்டரி ரகத்தில் பிரிட்டனுக்குப் போனவை அகலமான, குட்டையான வேறொரு .38 தோட்டாவுக்காகச் செய்தவை. போருக்குப் பின் வியாபாரிகள் அவற்றின் குழலை வெட்டி, சிலிண்டரின் துளையை நீட்டி, சாதாரண .38 ஸ்பெஷல் தோட்டா நுழையும்படி மாற்றி விற்றார்கள். துளையின் அடிப்பகுதி அகலமாகவே இருப்பதால் சுடும்போது தோட்டாக் கூடு உப்பும், பிளக்கவும் செய்யும். சேகரிப்பவர் இவற்றைத் தொடுவதே இல்லை. பழைய ஐவர் ஜான்சன்களில் கரிமருந்துக் காலத்தவை இன்றைய தோட்டாவின் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவையே இல்லை. போர்க்காலத்தில் ஒரு கப்பல் தளத்தில் தவறி விழுந்த விக்டரி ரிவால்வர் தானாக வெடித்து ஒரு கடற்படை வீரர் இறந்த பிறகுதான், சுத்தியலைத் தடுத்து நிறுத்தும் பாதுகாப்புத் தகடு திருத்தி அமைக்கப்பட்டது. அதற்கு முந்தியவை வீட்டில் தோட்டா நிரப்பி வைக்கத் தகுந்தவை அல்ல. நினைவுக்காக வாங்குபவர் தோட்டாவே வாங்காமல் பூட்டி வைக்கட்டும்.

சட்டமும் இந்த விஷயத்தில் பேரனுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் வசிப்பவருக்குக் கைத்துப்பாக்கியை நேரடியாக விற்கவோ அன்பளிப்பாகக் கொடுக்கவோ முடியாது. உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும். உயிலாலோ வாரிசு உரிமையாலோ வருவதற்கு மட்டும் கூட்டாட்சிச் சட்டம் இதில் விலக்குத் தருகிறது. அதற்கு மேல் மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆகவே தாத்தாக்கள் உயிரோடு இருக்கும்போதே, எந்த ரிவால்வர் யாருக்கு என்று வரிசை எண்ணோடு உயிலில் ஒரு வரி எழுதிவிட்டால் சித்தப்பாக்களுக்கு விலை சொல்லும் வாய்ப்பே வராது. தாத்தா எழுதாமல் போய்விட்டாலும், சித்தப்பா தன் உயிலில் எழுதலாம். அவரிடம் பேரன் கேட்க வேண்டியதும் அதைத்தான்: "இப்போது நீங்கள் சொல்லும் தொகை என்னிடம் இல்லை சித்தப்பா. கடைக்காரர் சொன்ன தொகையைத் தருகிறேன். அது போதாது என்றால் நீங்களே வைத்திருங்கள், உங்களுக்குப் பிறகு எனக்கு என்று எழுதிவையுங்கள். இடையில் வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் முதலில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

இதற்கும் சம்மதிக்காமல் அன்னியருக்கே விற்றுவிடும் சித்தப்பாக்களும் இருப்பார்கள். அப்போது வரிசை எண்ணையும் இரண்டு பக்கப் புகைப்படத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும் பேரன். 60 லட்சத்தில் அந்த எண் ஒன்றுக்குத்தான் உண்டு; இவ்வகை ரிவால்வர்கள் அடிக்கடி கைமாறும், மறுபடி ஒருநாள் கடைக்கு வரும்போது அடையாளம் சொல்லிக் கேட்கலாம், அன்றைய கடைவிலையில்.